தெதுறு ஓயாவிலிருந்து ஆய்வுகூடம் வரை: மருத்துவ ஆய்வுக்காகக் கடல் கடந்த எம்மவர் வரலாறு

நூற்றாண்டு மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, எம்மைவிடத் தகுதியான மூத்த ஆசிரியைகள் இருக்கிறார்கள் என்று சொல்லித் தப்பிக்கவே பார்த்தோம். பிறகு யோசித்தோம். வைத்தியர்களாகிய எமக்குப் பழைய மாணவியரிடமிருந்து அடிக்கடி வரும் தொலைபேசி அழைப்பு ஒன்று உண்டு. ஒருத்தி "அக்கா" என்பாள், ஒருத்தி "தாத்தா" என்பாள், கேள்வி மட்டும் ஒன்றுதான்: "கலாநிதிப் பட்டம் முடிச்சு ஏழெட்டு வருஷமாச்சு. வெளியில சிரேஷ்ட ஆய்வு வேலை ஒன்று எடுக்கலாமா? விசாவுக்கு அவங்களே பொறுப்பு நிற்பாங்களா?"

இக்கேள்விக்குத் தனித்தனியே பல தடவை பதில் சொல்லியிருக்கிறோம். இம்முறை அதன் வரலாற்றைச் சேர்த்து எழுதுகிறோம். முன்னே போனவர்கள் எந்தக் கதவால் போனார்கள், அது எப்போது மூடியது என்று தெரிந்தால், இனிப் போகிறவர்களுக்கு வழி தெளியும்.

ரயிலும் காய்ச்சலும்

எமது கரையோரத்துக்கு ரயில் மெதுவாகத்தான் வந்தது. 1916 இல் சிலாபம் வரையும் 1926 இல் புத்தளம் வரையும் பாதை நீண்டது. சங்கம் தோன்றிய காலமும் ஏறத்தாழ அதுவே. அதற்கு முன்னரே கொழும்பில் 1870 இல் மருத்துவப் பாடசாலை தொடங்கிவிட்டது. 1880 இல் அது இலங்கை மருத்துவக் கல்லூரி ஆனது. 1892 இல் பெண்களும் சேர்க்கப்பட்டார்கள். ஆனால் உப்பளத்திலும் மீன்வாடியிலும் வேலை செய்த குடும்பங்களின் பெண்பிள்ளைகளுக்கு அந்தக் கல்லூரி சந்திரனைப் போலத் தூரத்தில் இருந்தது.

1934 இல் தென்மேல் பருவமழை பொய்த்தது. தெதுறு ஓயாவும் மகா ஓயாவும் ஓடாமல் குட்டை குட்டையாகத் தேங்கின. அந்தக் குட்டைகளில் மலேரியா நுளம்பு பெருகியது. 1935 வரை நீடித்த அந்தக் கொள்ளைநோய் நாட்டில் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. தெதுறு ஓயா கடலில் விழுவது சிலாபத்தருகே என்பதை எமது வாசகியருக்குச் சொல்லத் தேவையில்லை. எமது பாட்டிமார் "காய்ச்சல் வருஷம்" என்று சொன்னது அதைத்தான்.

மருத்துவ ஆய்வு எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இந்த ஒரு நோயின் கதையே போதும். 1963 இல் நாடு முழுவதிலும் 17 நோயாளர் மட்டுமே பதிவானார்கள். கவனம் தளர்ந்தது. 1969 இல் எண்ணிக்கை ஐந்து லட்சத்தைத் தாண்டியது. மீண்டும் ஒரு தலைமுறை உழைத்து, 2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்றிய மலேரியா இல்லை என்ற நிலையை அடைந்தோம். உலக சுகாதார அமைப்பு 2016 செப்டெம்பரில் சான்றளித்தது. எமது மாவட்டத்தையும் பீடித்திருந்த யானைக்கால் நோய் ஒழிந்ததற்கான சான்றும் அதே ஆண்டில்தான் கிடைத்தது.

பட்டம் மட்டும் போதுமாயிருந்த காலம்

1945 இல் இலவசக் கல்வி வந்தது. அதன் பயனாகப் பட்டம் பெற்ற முதல் தலைமுறை வைத்தியர்களுக்கு வெளிநாடு போவது இன்றைய பிள்ளைகள் நம்ப முடியாத அளவுக்கு எளிது. இலங்கைப் பட்டத்தைப் பிரித்தானியா ஏற்றிருந்தது. 1962 இல் அங்கு குடிவரவுச் சட்டம் இறுகியபோதும் வைத்தியர்களுக்கு அனுமதிச்சீட்டுக் கிடைத்தது. அமெரிக்கா வெளிநாட்டு வைத்தியர்களுக்கான பரீட்சையை 1958 இல் தொடங்கியது. அதன் 1965 ஆம் ஆண்டுச் சட்டம், பிறந்த நாட்டைப் பார்த்து ஆள் எடுக்கும் பழைய முறையை நீக்கியது.

போனவர்கள் ஏராளம். அரசு கவலைப்பட்டது. இலவசமாகப் படித்தவர்கள் குறித்த காலம் அரச சேவை செய்ய வேண்டும் என்று 1961 இல் கட்டாய அரச சேவைச் சட்டம் வந்தது. படித்தவர்கள் வெளியேறுவதை ஆராய்ந்த அமைச்சரவைக் குழு 1974 இல் அறிக்கை தந்தது. மறுபுறத்தில் பிரித்தானியாவும் 1975 இல் வெளிநாட்டு வைத்தியர்களுக்குப் பரீட்சை வைத்தது. அன்றிலிருந்து பட்டத்தோடு பரீட்சையும் தேவைப்பட்டது. 1985 இலிருந்து பயிற்சி வைத்தியர்கள் வேலை அனுமதியின்றிச் சில ஆண்டுகள் பிரித்தானியாவில் தங்க முடிந்தது. 2006 இல் அந்தச் சலுகையும் திடீரென நீக்கப்பட்டது. அப்போது அங்கே இருந்த எமது தோழியர் இரவோடிரவாகப் பெட்டி கட்டிய கதைகள் உண்டு.

எமது வகுப்பு

1970 களில் பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. அதன் நியாய அநியாயம் பற்றி இன்றும் வாதம் உண்டு. எமது மாவட்டம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. அந்த வழி இல்லாவிட்டால் எம்மில் பலர் மருத்துவபீட வாசலை மிதித்திருக்க மாட்டோம். இதை மறைக்காமல் சொல்வதே நன்றி.

1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் புத்தளம் பகுதிக்கே வந்தார்கள். நாம் அப்போது சின்ன வகுப்பு. ஒரு வாரத்தில் வகுப்பறை இரு மடங்காகியது. ஒரு வாங்கில் மூவர் இருந்த இடத்தில் ஐவர் இருந்தோம். ஓலைக் கொட்டிலிலிருந்து வந்த ஒரு தோழி மண்ணெண்ணெய் விளக்கில் படித்து உயர்தரத்தில் எம் எல்லோரையும் முந்தினாள். உயிரியல் டீச்சர் தன் வீட்டுத் திண்ணையில் பின்னேர வகுப்பு வைத்தார். காசு வாங்கவில்லை. தேத்தண்ணியும் தந்தார்.

அந்தத் தோழி மருத்துவ விஞ்ஞானத்தில் விரிவுரையாளர் ஆனாள். கலாநிதிப் பட்டத்துக்கு வெளிநாடு போக இடம் கிடைத்தது. படிப்பு விடுமுறையில் போகும் விரிவுரையாளர் திரும்பிவந்து சேவை செய்வதாகப் பிணைமுறி எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு பிணையாளர் கையொப்பமிட வேண்டும். இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு அரச வேலையில் உள்ள உறவினர் எங்கே? படிவத்தை டீச்சரிடம் கொண்டு போனவர்கள் நாமே. டீச்சர் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. "எங்க கையெழுத்து வைக்கணும் மகள்?" என்று மட்டும் கேட்டார்.

விசா எப்படி வேலை செய்கிறது

இங்கே கதையைச் சற்று நிறுத்தி, நடைமுறையைச் சொல்ல வேண்டும். நோயாளியைப் பார்க்கும் வேலைக்கு அந்தந்த நாட்டின் மருத்துவப் பதிவு தேவை. ஆய்வுகூட வேலைக்குப் பெரும்பாலும் அது தேவையில்லை. அங்கே கேட்கப்படுவது கலாநிதிப் பட்டம், வெளியிட்ட ஆய்வுகள், கொண்டுவரக்கூடிய ஆய்வு நிதி ஆகியவையே.

பிரித்தானியாவில் வேலை தரும் நிறுவனம் உள்துறை அமைச்சின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் பகிரங்கமானது. விண்ணப்பிக்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள். 2020 இல் வந்த உலகளாவிய திறமையாளர் விசாவுக்கு வேலை தருபவர் பிணை நிற்கத் தேவையில்லை. றோயல் சொசைட்டி போன்ற அமைப்பின் ஒப்புதல் போதும். மூத்த ஆய்வாளருக்கு அதுவே நல்ல வழி, ஏனெனில் விசா ஒரு முதலாளியோடு கட்டப்படாது.

அமெரிக்காவில் எச்-1பி விசா ஆண்டுக்கு 85,000 என்ற வரம்புக்கு உட்பட்டது. பல்கலைக்கழகங்களுக்கும் இலாபநோக்கற்ற ஆய்வு நிறுவனங்களுக்கும் அந்த வரம்பு இல்லை. ஆனால் 2025 செப்டெம்பரில் புதிய விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டொலர் கட்டணம் அறிவிக்கப்பட்டதால், நிறுவனத்திடம் இதை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். வேலை போனால் 60 நாளுக்குள் வேறு வழி தேட வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. ஜே-1 விசாவில் அரச பணத்திலோ வைத்தியப் பயிற்சிக்கோ போனவர்களுக்கு, இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்த பின்னரே நிரந்தர வதிவிடம் கேட்கலாம் என்ற விதி பொருந்தும்.

ஜேர்மனி முதலிய ஐரோப்பிய நாடுகளில் ஆய்வு நிறுவனம் எழுதித் தரும் ஏற்பு ஒப்பந்தத்தின் பேரில் ஆய்வாளர் விசா உண்டு. மேரி கியூரி புலமைப்பரிசில் கலாநிதிப் பட்டத்துக்குப் பின் எட்டு ஆண்டுக்குள் ஆய்வு அனுபவம் உள்ளவர்களுக்கே உரியது. அதைத் தவறவிட்டவர்களுக்கு ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நிதிகள் உண்டு. எந்த நாட்டவரும் கேட்கலாம். ஏற்கும் நிறுவனம் மட்டும் ஐரோப்பாவில் இருக்க வேண்டும்.

நாம் கண்ட உண்மை ஒன்று: மூத்த பதவிகள் விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்து மட்டும் கிடைப்பதில்லை. சேர்ந்து எழுதிய ஆய்வுகளாலும், மாநாட்டில் அறிமுகமானவர்களாலும், "இவர் நம்பகமானவர்" என்று ஒருவர் எழுதும் கடிதத்தாலுமே கிடைக்கின்றன.

இதற்கு நாட்டிலேயே முன்மாதிரிகள் உண்டு. கண்டியில் பிறந்த மலிக் பீரிஸ் 1972 இல் பேராதனையில் வைத்தியரானார். ஒக்ஸ்போர்டில் ஆய்வுப் பட்டம் பெற்றுத் திரும்பி, வட மத்திய மாகாணத்தில் பரவிய ஜப்பானிய மூளைக்காய்ச்சலை ஆராய்ந்தார். 1995 இல் ஹொங்கொங் பல்கலைக்கழகம் போனார். 2003 இல் சார்ஸ் நோயின் வைரசைக் கண்டறிந்த குழு அவருடையது. கமினி மெண்டிஸ் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் மலேரியா ஆய்வை வளர்த்து, அதே அனுபவத்தோடு ஜெனீவாவில் உலக சுகாதார அமைப்பில் பணியாற்றினார். நீலிகா மலவிகே ஒக்ஸ்போர்டில் பட்டம் பெற்று ஸ்ரீ ஜயவர்தனபுரவுக்குத் திரும்பி, அங்கிருந்தே டெங்கு ஆய்வில் உலகப் பெயர் பெற்றார். மூவரும் இந்த மண்ணின் நோய்களை ஆராய்ந்தே உயர்ந்தவர்கள்.

டீச்சருக்கு வந்த கடிதம்

எமது தோழிக்குப் படிப்பு முடிந்ததும் அங்கேயே ஆய்வு வேலை கிடைத்தது. நிறுவனம் விசாவுக்குப் பொறுப்பு நின்றது. விடுமுறையை நீடிக்கக் கேட்டாள், கிடைக்கவில்லை. வேலையை விட்டால் விசா போகும், ஆய்வு பாதியில் நிற்கும், பிள்ளை பள்ளிக்கூடத்தில். அவள் திரும்பவில்லை.

ஓய்வூதியத்தில் வாழ்ந்த டீச்சருக்குப் பிணைப்பணம் கேட்டுக் கடிதம் வந்தது. இரண்டு மாதம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. காப்பு இரண்டையும் அடகு வைக்கப் போன இடத்தில்தான் எம்மில் ஒருத்தி கண்டாள். நாம் கூடிப் பேசினோம், கோபப்பட்டோம், தோழியை அழைத்தோம். அவள் அழுதாள். டீச்சருக்குக் கடிதம் போகும் என்றே தனக்குத் தெரியாது என்றாள். நம்புவதா என்று அன்று தெரியவில்லை, இன்று நம்புகிறோம். பிணைமுறியை எம்மில் எவரும் முழுதாக வாசித்திருக்கவில்லை.

முதல் தவணைக்கு நாம் பணம் சேர்த்தோம். மீதியை அவள் நான்கு ஆண்டில் கட்டி முடித்தாள். கடைசித் தவணை கட்டியபோது டீச்சர் இருந்தார். இன்று இல்லை. அவர் அவளை ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை. "அவள்ட ஆராய்ச்சி எப்படிப் போகுதாம்?" என்றுதான் ஒவ்வொரு தடவையும் கேட்டார். அந்தக் கேள்வி எம்மைச் சுட்டது. படிவத்தைக் கொண்டு போனவர்கள் நாம் அல்லவா?

இனி

2022 இன் நெருக்கடியில் வைத்தியர்கள் மீண்டும் கூட்டமாக வெளியேறினார்கள். அரசே ஐந்து ஆண்டு வரை சம்பளமில்லாத விடுமுறையில் வெளிநாடு போக வழிவிட்டது. போகாதீர்கள் என்று சொல்ல எமக்கு உரிமையில்லை. எம்மில் பாதிப்பேர் வெளியில் இருந்தே இந்த மலரை வாசிப்பீர்கள். நாம் கேட்பது மூன்றுதான்.

வெளிநாட்டு நிறுவனம் விசாவுக்குப் பொறுப்பு நிற்குமா என்று கேட்கு முன், ஊரில் உமக்காகப் பொறுப்பு நின்றவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். சேவைக் காலம், பிணைத்தொகை, தவணை முறை மூன்றையும் எழுத்தில் பெற்று, வேலையை ஏற்கு முன் பிணையாளரிடம் சொல்லுங்கள். சம்பளம் பேசும்போது அந்தத் தொகையையும் கணக்கில் வையுங்கள்.

இரண்டாவது, வெளியில் மூத்த பதவியில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு தங்கைக்காவது ஆய்வு விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுங்கள். உங்கள் பெயர்களைச் சங்கச் செயலாளரிடம் பதியுங்கள்.

மூன்றாவது, சங்கத்தில் பிணை நிதி ஒன்றைத் தொடங்குவோம். பிணையாளர் கிடைக்காத பிள்ளைக்காக இனி ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை தனியே கையொப்பமிட வேண்டியிருக்கக் கூடாது. எமது தோழி முதற் பங்கை அனுப்பிவிட்டாள். டீச்சரின் பெயரில் வைக்கச் சொல்லியிருக்கிறாள்.