போன் போச்சு, பெட்டி நிக்குது

இங்கிலாந்துல ஒரு பவுண்டுக்கு என்ன வாங்கலாம்? ஒரு சாக்லேட் வாங்கலாம். ஊருக்குப் பொதுவான ஒரு அமைப்பா இருந்தா, முக்கால் டன் எடையுள்ள ஒரு வார்ப்பிரும்புப் பெட்டியே வாங்கலாம். கதவு, கண்ணாடி, விளக்கு எல்லாம் சேர்த்து. உள்ள இருக்கிற போன் மட்டும் வராது.

லண்டன் போனவங்க எல்லாரும் பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கிற அந்தச் சிவப்பு டெலிபோன் பெட்டியைத்தான் சொல்றேன்.

முதல்ல அது எங்கிருந்து வந்ததுன்னு பார்த்துடுவோம். 1924-ல் இதுக்காக ஒரு டிசைன் போட்டி நடந்தது. ஜெயித்தவர் ஜைல்ஸ் கில்பர்ட் ஸ்காட். லிவர்பூல் கதீட்ரலைக் கட்டிய ஆர்க்கிடெக்ட். இன்னைக்கு டேட் மாடர்ன் அருங்காட்சியகமா இருக்கிற மின்நிலையமும் அவர் வடிவமைத்ததுதான். பெட்டிக்கு அவர் கேட்ட நிறம் சிவப்பு இல்லைங்க. வெளியே வெள்ளி நிறம், உள்ளே பச்சை கலந்த நீலம். டெலிபோனை நடத்திய அஞ்சல் துறைதான் சிவப்புன்னு முடிவு பண்ணியது. 1926-ல் இருந்து அந்த கே2 மாடல் லண்டன் தெருக்களுக்கு வந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ஆட்சிக்கு 25 ஆண்டு நிறைவையொட்டி, 1935-ல் ஸ்காட் இன்னும் சின்னதா, செலவு குறைவா கே6 மாடலை வரைந்தார். நாடு முழுக்கக் கிராமம் கிராமமா போய் நின்னது இதுதான். சுமார் 60,000 பெட்டிகள்.

1984-ல் பிரிட்டிஷ் டெலிகாம் தனியார்மயமானது. அடுத்த வருஷமே பழைய பெட்டிகளை எடுத்துட்டு நவீன கூண்டு வைக்கப் போறோம்னு அறிவிச்சாங்க. மக்கள் கொதிச்சுட்டாங்க. சுமார் 2,000 பெட்டிகள் பாரம்பரியச் சின்னங்களாகச் சட்டப் பாதுகாப்பு பெற்றன. அப்புறம் செல்போன் வந்தது. பெட்டி நின்னது, பேச ஆள் இல்லை.

2008-ல் நிறுவனம் ஒரு வழி கண்டுபிடித்தது. 'அடாப்ட் எ கியோஸ்க்', அதாவது பெட்டியைத் தத்தெடுக்கும் திட்டம். நம்ம ஊராட்சி மாதிரியான உள்ளூர் கவுன்சில்கள் ஒரு பவுண்டு கட்டி எடுத்துக்கலாம். இதுவரை 6,000-க்கும் மேல கைமாறியிருக்கு. சாமர்செட்டில் வெஸ்ட்பரி-சப்-மெண்டிப்னு ஒரு கிராமம். அங்கே வந்துட்டிருந்த நடமாடும் நூலக வண்டி நின்னுபோச்சு. 2009-ல் ஊர்க்காரங்க தங்கள் பெட்டியில் அலமாரி அடித்துப் புத்தகம் அடுக்கினாங்க. ஒன்றை வெச்சுட்டு ஒன்றை எடுத்துட்டுப் போகலாம், அவ்வளவுதான் விதி.

ஆனா எனக்கு ரொம்பப் பிடிச்ச மறுபயன்பாடு டிஃபிப்ரிலேட்டர். ஒருத்தருக்குத் திடீர்னு இதயத்துடிப்பு நின்னு கீழே விழுந்தா, மின் அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பை மீட்கப் பார்க்கிற கருவி. தாமதமாகும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையுதுன்னு மருத்துவர்கள் கணக்கு சொல்றாங்க. கிராமத்துக்கு ஆம்புலன்ஸ் வர எவ்வளவு நேரமாகும்னு யோசிச்சுப் பாருங்க.

நான் சாஃப்ட்வேர் எஞ்சினியர். பழைய சிஸ்டம் ஒன்றை அணைக்கிறதுக்கு முன்னாடி நாங்க கேட்கிற கேள்வி: "இதை நம்பி வேற என்னென்ன ஓடிட்டிருக்கு?" அதே கேள்வியை இந்தப் பெட்டிகிட்ட கேட்டுப் பாருங்க. போனைக் கழற்றினாலும் நாலு விஷயம் மிச்சம் இருக்கு. ஊருக்கு நடுவுல ஓர் இடம். அது எங்க இருக்குன்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும். பூட்டாத கதவு. விளக்குக்காக ஏற்கனவே வந்திருக்கிற கரண்ட். குளிர்காலத்தில் டிஃபிப்ரிலேட்டரோட பேட்டரி கெடாம இருக்க, அதை வெச்சிருக்கிற அலமாரியைக் கொஞ்சம் சூடாவே வைக்கணும். அதுக்கு அந்த விளக்கு லைன் கைகொடுக்குது. புதுசா ஓர் இடத்துல இந்த நாலையும் உருவாக்க எவ்வளவு செலவாகும்!

ஆனா கருவி வெச்சதோட வேலை முடியலை. பேட்டரிக்கும், நெஞ்சில் ஒட்டுகிற பேடுக்கும் காலாவதித் தேதி உண்டு. யாராவது போய்ப் பார்த்துட்டே இருக்கணும். பார்க்க ஆள் இல்லைன்னா அது அழகான சிவப்புப் பெட்டி, அவ்வளவுதான்.

அந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. எல்லாப் பெட்டியிலும் போனோட வேலை முடிஞ்சுபோச்சா? தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் அமைப்பு 2021-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. 2019 மே முதல் ஒரே வருஷத்தில், பொதுத் தொலைபேசிகளில் இருந்து அவசர உதவிக்குக் கிட்டத்தட்ட 1,50,000 அழைப்புகள். குழந்தைகளுக்கான சைல்ட்லைன் உதவி எண்ணுக்கு 25,000. மனம் உடைஞ்சவங்க பேசுற சமாரிட்டன்ஸ் அமைப்புக்கு 20,000. வீட்டு போன்ல பேச முடியாத ஒரு குழந்தை, அந்தப் பெட்டிக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டுப் பேசியிருக்கலாம். அதனால 2022-ல் விதி கொண்டு வந்தாங்க. எல்லா செல்போன் நிறுவனங்களோட சிக்னலும் கிடைக்காத இடம், விபத்தோ தற்கொலையோ அதிகம் நடக்கிற இடம், வருஷத்துக்கு 52 அழைப்பாவது போகிற பெட்டி, இங்கெல்லாம் போனை எடுக்கக் கூடாது. சுமார் 5,000 பெட்டிகள் இப்படித் தப்பின.

நம்ம ஊர்ல என்ன ஆச்சு? நமக்கு மஞ்சள் போர்டு எஸ்டிடி பூத். 1984-ல் சாம் பிட்ரோடா முன்னின்று தொடங்கிய சி-டாட், உள்நாட்டிலேயே எக்ஸ்சேஞ்ச் தயாரித்தது. அந்தக் காலகட்டத்தில் நாடெங்கும் இந்த பூத்கள் பரவின. ஆனா இங்க பெட்டியை விட முக்கியம் அதுக்குள்ள உட்கார்ந்திருந்த அண்ணனும் அக்காவும்தான். மாற்றுத்திறனாளிகள் பலருக்கு அது வாழ்வாதாரம். செல்போன் வந்ததும் அந்த அண்ணனே ஜெராக்ஸ் போட்டார், ரீசார்ஜ் செய்தார், செல்போன் கவர் விற்றார். அங்கே பெட்டிக்குப் புது வேலையை ஊர் தேடிக் கொடுத்தது. இங்கே பூத்காரர் தனக்கான புது வேலையைத் தானே தேடிக்கிட்டார். முடியாதவங்க கடையை மூடிட்டாங்க. மாற்றுத்திறனாளியா இருந்து ஒரு பூத்தை நம்பி வாழ்ந்தவருக்கு, அடுத்து என்னன்னு யாரும் ஒரு பவுண்டுத் திட்டம் போடலை.

அதனால ஒரு பழைய பொது வசதியை எடுக்கும்போது கேட்க வேண்டியது ரெண்டு கேள்வி. இன்னும் யார் இதை நம்பி இருக்காங்க? எடுத்த பிறகு மிஞ்சுறதை யார் பார்த்துக்கப் போறாங்க? "இதை வேற எதுக்குப் பயன்படுத்தலாம்"ங்கிற கேள்வி அதுக்கு அப்புறம்தான்.

உங்க தெருவுல எஸ்டிடி போர்டு எங்கேயாவது இன்னும் தொங்குதா? அந்தக் கடையில இப்போ என்ன விக்கிறாங்கன்னு விசாரிச்சு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.