கிம்பர்லைட் பாறைகளின் ஆக்சைடு கனிமங்கள்

பூமியின் மூடகத்தில் 150 கி.மீ.க்கும் கீழே தோன்றும் பாறைக்குழம்பு, சில வேளைகளில் வைரங்களையும் சுமந்தபடி, குழாய் வழியே மேலெழுந்து உறைவதால் உண்டாவது கிம்பர்லைட். தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரையொட்டி 1887-இல் ஹென்றி கார்வில் லூயிஸ் இப்பெயரை இட்டார். இப்பாறையிலுள்ள ஆக்சைடு கனிமங்களில் இல்மனைட், ஸ்பைனல் வகைகள், பெரோவ்ஸ்கைட் ஆகியவை முதன்மையானவை. இவை எல்லாம் ஒரே இடத்தில் பிறந்தவை அல்ல. எங்கே பிறந்தவை என்பதை அவற்றின் வேதி இயைபே காட்டிக்கொடுக்கிறது.

இல்மனைட்

இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த இக்கனிமம் கிம்பர்லைட்டில் மக்னீசியம் செறிந்து காணப்படும். மக்னீசியம் ஆக்சைடு பெரும்பாலும் 4 முதல் 15 சதவீதம் வரை இருக்கும். பசால்ட் பாறையின் இல்மனைட்டில் அது மிகக் குறைவு. சில செ.மீ. அளவுள்ள பெரிய மணிகள் மூடக ஆழத்திலேயே படிகமானவை. உடைத்தால் உட்புறம் கரும் பளபளப்புடன் சிப்பி போல் வளைந்து தெரியும். விளிம்பில் பெரோவ்ஸ்கைட் மெல்லிய உறையாகப் படிந்திருப்பதும் உண்டு. மேலேறும் குழம்புடன் மணி வினைபுரிந்ததன் தடம் அது.

ஸ்பைனல் வகைகள்

மூடகப் பாறை சிதறியபோது குழம்பில் கலந்தவை, ஸ்பைனல் வகையைச் சேர்ந்த குரோமைட் மணிகள். வைரத்துக்குள் சிறைப்பட்ட குரோமைட்டில் குரோமியம் ஆக்சைடு பொதுவாக 62 சதவீதத்தைத் தாண்டும். டைட்டானியம் மிகக் குறைவு. குழம்பு குளிரும்போது உருவான நுண்மணிகளோ நடுவில் குரோமியமும் விளிம்பில் இரும்பும் டைட்டானியமும் மிகுந்தவை. சிலவற்றில் நடுமணிக்கும் வெளிவளையத்துக்கும் இடையிலுள்ள பகுதி கரைந்து, பவளத்தீவு போன்ற தோற்றம் எஞ்சியிருக்கும்.

பெரோவ்ஸ்கைட்

கிம்பர்லைட் குழம்பில் சிலிக்கா மிகக் குறைவு. எனவே கால்சியமும் டைட்டானியமும் சிலிக்கேட்டாக மாறாமல் பெரோவ்ஸ்கைட்டாகப் படிகமாகின்றன. இதில் யுரேனியம் இடம்பெறுவதால், யுரேனியம்-ஈயம் முறையில் பாறை உறைந்த காலத்தைக் கணிக்கலாம். ஆந்திரத்தின் வஜ்ரகரூர் கிம்பர்லைட்டுகள் ஏறத்தாழ 110 கோடி ஆண்டுகள் பழமையானவை என்பது இவ்வழியேயும் உறுதிப்பட்டது.

வைரத் தேடலில் பயன்

பாறையிலுள்ள ஆலிவின் எளிதில் சிதைந்துவிடும். இல்மனைட்டும் குரோமைட்டும் நெடுங்காலம் தாக்குப்பிடித்து ஆற்றுமணலிலும் பனியாற்றுப் படிவுகளிலும் தங்கும். கார்னெட் உள்ளிட்ட இத்தகைய சுட்டிக் கனிமங்களைப் பின்தொடர்ந்துதான் சார்லஸ் ஃபிப்கேயும் ஸ்டூவர்ட் ப்ளஸ்ஸனும் 1991-இல் கனடாவின் லாக் டி கிராஸ் பகுதியில் வைரக் குழாயைக் கண்டறிந்தனர். இல்மனைட்டில் மூவிணைதிற இரும்பு மிகுந்திருந்தால், ஆக்சிஜன் மிகுந்த சூழலில் வைரம் கரைந்திருக்கலாம் என ஐயுறுவர். ஆயினும் இது தனித்து நிற்கும் சான்றாகாது. பிற கனிமங்களின் இயைபோடு ஒப்பிட்டே முடிவுக்கு வர வேண்டும்.