மூடியும் சாகாத எக்செல்

இன்னைக்கு எபிசோடை ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. ஆபீஸ்ல ஒரு பழைய சர்வர் இருந்தது. ராத்திரி 2 மணிக்கு அதுல ஒரு விபிஸ்கிரிப்ட் ஓடும். டேட்டாபேஸ்ல இருந்து விற்பனைக் கணக்கை எடுக்கும், எக்செலைத் திறக்கும், ஷீட்ல நிரப்பும், சேவ் பண்ணிட்டு மூடும். காலையில மேனேஜருக்கு ரிப்போர்ட் போயிடும். எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதினது. அதைப் பார்த்துக்கிற பொறுப்பு என் தலையில வந்து விழுந்தது.

ஒருநாள் காலையில சர்வர் ஆமை மாதிரி நகருது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தா எக்செல், எக்செல், எக்செல்... எண்ணிப் பார்த்தேன், 37. திரையில ஒரு எக்செல் விண்டோகூடக் கிடையாது. எல்லாம் கண்ணுக்குத் தெரியாம மெமரியைத் தின்னுட்டு உட்கார்ந்திருக்கு.

நான் என்ன பண்ணேன்? இணையத்துல தேடினேன், ஒரே வரியில மருந்து கிடைச்சது: டாஸ்க்கில். எக்செல்னு பேர் இருக்கிற எல்லா ப்ராசஸையும் கட்டாயமா கொல்லுன்னு ஒரு கட்டளை. அட்மின் உரிமையோட தட்டினேன். 37-ம் போச்சு. சர்வர் பறந்தது. எனக்கு ஒரே பெருமை.

ரெண்டு நிமிஷத்துல அக்கவுண்ட்ஸ்ல இருந்து ஒரு அக்கா வந்து நின்னாங்க. அவங்க அதே சர்வர்லதான் ரிமோட் டெஸ்க்டாப் வழியா வேலை பார்க்கிறாங்க. மாசக் கடைசி. காலையில இருந்து உட்கார்ந்து பொருத்திப் பார்த்த கணக்கு. ஃபைல் பெருசு, அடிக்கடி ஹேங் ஆகுதுன்னு ஆட்டோ ரெக்கவரை அணைச்சு வெச்சிருக்காங்க. நான் கொன்ன 37-ல ஒண்ணு அவங்களோடது.

திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை. "திரும்ப முதல்ல இருந்து போடணும் தம்பி"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி 9 மணி வரைக்கும் அவங்க சீட்ல லைட் எரிஞ்சது.

அதுக்கப்புறம்தான் எனக்கு இந்தக் கேள்வி வந்தது. ஒரு ஸ்கிரிப்ட் திறந்த எக்செல் ஏன் தானா சாகலை? அதை மூடவேண்டியது யாரு? பதிலைத் தேடிப் போனா, கதை 1960-ல ஆரம்பிக்குது.

ஒரே வருஷம், ரெண்டு யோசனை

கம்ப்யூட்டர் மெமரியில ஒரு பொருளை உருவாக்குறோம். வேலை முடிஞ்சதும் அந்த இடத்தைத் திருப்பித் தரணும். ஆனா அதே பொருளை நிரலின் நாலு பகுதிகள் பயன்படுத்திக்கிட்டு இருந்தா, வேலை முடிஞ்சதுன்னு யார் சொல்றது?

1960 ஏப்ரலில் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழி பற்றிய தன் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். அதுக்குள்ள ஒரு வழி இருந்தது. நிரல் எழுதுறவர் கவலைப்பட வேண்டாம். இடம் தீர்ந்ததும், யாரும் தொட முடியாத பொருள்களைக் கணினியே தேடி எடுத்துக்கொள்ளும். இன்னைக்கு நாம கார்பேஜ் கலெக்‌ஷன்னு சொல்றது அதைத்தான். அதே ஆண்டு டிசம்பரில் ஜார்ஜ் காலின்ஸ் இன்னொரு வழியைச் சொன்னார். ஒவ்வொரு பொருளோடும் ஒரு எண்ணிக்கையை வைங்க. யாராவது புதுசா பிடிச்சா ஒண்ணு கூட்டுங்க, விட்டா ஒண்ணு கழிங்க. பூஜ்யம் ஆச்சுன்னா பொருளை அழிச்சிடுங்க. இதுதான் ரெஃபரன்ஸ் கவுன்டிங்.

மேன்ஷன்ல நாலு பேர் தங்கியிருக்கிற ரூம் மாதிரி நினைச்சுக்கோங்க. காலின்ஸ் வழியில, கடைசியா வெளியே போறவர் ஃபேனை அணைச்சுப் பூட்டணும். மெக்கார்த்தி வழியில யாரும் எதையும் அணைக்க வேண்டாம். வாட்ச்மேன் எப்பவாவது ஒரு ரவுண்டு வந்து, ஆளில்லாத ரூம் ஃபேனை அணைப்பார். எப்ப வருவார்னு மட்டும் கேட்கக்கூடாது.

காலின்ஸ் வழியில ஒரு ஓட்டை இருக்குன்னு 1963-லேயே ஹரால்ட் மெக்பெத் சுட்டிக்காட்டினார். ரெண்டு பொருள்கள் ஒன்றையொன்று பிடிச்சுக்கிட்டு இருந்தா, வேற யாருக்கும் அவை தேவையில்லைன்னாலும் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வராது. "நீ முதல்ல போ"ன்னு ரெண்டு பேரும் ரூமுக்குள்ளேயே நிற்கிற நிலைமை.

அன்னோன்: பேரிலேயே மர்மம்

இப்ப 1980-களின் கடைசிக்கு வருவோம். மைக்ரோசாஃப்ட்டுக்கு அப்ப ஒரு கனவு. வேர்டு ஆவணத்துக்குள்ள எக்செல் அட்டவணை வேணும், ஒரு அப்ளிகேஷன் இன்னொன்னை இயக்கணும். 1987-ல் டிடிஇன்னு ஒரு ஏற்பாடு வந்தது. அப்ளிகேஷன்கள் தங்களுக்குள்ள செய்தி அனுப்பிக்கலாம், அவ்வளவுதான்.

1988-ல் அந்த நிறுவனத்துக்குள்ள டோனி வில்லியம்ஸ் ஒரு உள்கட்டுரை எழுதினார். தனக்கு முன்கூட்டியே எதுவும் தெரியாத ஒரு பொருளோட ஒரு நிரல் எப்படிப் பாதுகாப்பா பேசுறதுங்கறதுதான் அதோட மையக் கேள்வி. அந்தச் சிந்தனைதான் வளர்ந்து 1993-ல் ஓஎல்இ 2, அதன் அடித்தளமான கம்போனென்ட் ஆப்ஜெக்ட் மாடல், சுருக்கமா காம், ஆச்சு. காம் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஐஅன்னோன் என்ற இடைமுகம் இருந்தே ஆகணும். அதில் மூன்றே மூன்று செயல்கள். குவரிஇன்டர்ஃபேஸ்: உனக்கு என்னென்ன தெரியும்? ஆட்ரெஃப்: நான் உன்னைப் பிடிச்சிருக்கேன். ரிலீஸ்: நான் விட்டுட்டேன்.

பார்த்தீங்களா, காலின்ஸின் எண்ணிக்கை அப்படியே வந்து உட்கார்ந்துடுச்சு. அப்ப இது நியாயமான முடிவும்கூட. காம் பொருளை சி++ல ஒருத்தர் எழுதலாம், விஷுவல் பேசிக்ல இன்னொருத்தர் பயன்படுத்தலாம். எக்செல் ஒரு ப்ராசஸ், உங்க நிரல் வேற ப்ராசஸ். எல்லா வீட்டுக்கும் பொதுவா ஒரு வாட்ச்மேன் கிடையாது. அதனால அவங்கவங்க கணக்கை அவங்கவங்களே ஒழுங்கா வெச்சுக்கணும்.

அதே 1993-ல் எக்செல் 5-ம் விஷுவல் பேசிக் 3-ம் வந்தன. கிரியேட்ஆப்ஜெக்ட்னு ஒரு வரி எழுதினா, பின்னால ஒரு முழு எக்செல் எழுந்து நிற்கும், நாம சொன்னதைச் செய்யும். இதுக்கு ஆட்டோமேஷன்னு பேர். அப்படி எழுந்த எக்செல் தானா திரையில தெரியாது. நீங்க காட்டச் சொன்னாத்தான் காட்டும். வேலை முடிஞ்சதும் குவிட் சொல்லணும், அந்தப் பெயர்ச்சொல்லை நத்திங்னு ஆக்கணும். அந்த நத்திங்தான் உள்ளே போய் ரிலீஸை அழைக்கும்.

விஷுவல் பேசிக்கும் 1996-ல் வந்த விபிஸ்கிரிப்டும் இந்தக் கூட்டல் கழித்தலைத் தானாவே செஞ்சிடும். ஸ்கிரிப்ட் முடிஞ்சா பிடியும் போகும். அப்படின்னா என் 36 எக்செல் எங்கிருந்து வந்தது?

நாலு நாள் நோண்டினதுல தெரிஞ்சது. சில ராத்திரி அதே பேர்ல ஒரு ஃபைல் ஏற்கனவே இருந்திருக்கு. "இந்த ஃபைல் இருக்கிறது, மாற்றவா?"ன்னு எக்செல் ஒரு பெட்டியைக் காட்டி, பதிலுக்குக் காத்திருந்திருக்கு. ராத்திரி 2 மணிக்கு, யாருக்கும் தெரியாத ஒரு திரையில. ஒரு மணி நேரம் பார்த்துட்டு டாஸ்க் ஷெட்யூலர் ஸ்கிரிப்டைக் கொன்னிருக்கு. ஆனா எக்செல் தனி ப்ராசஸ். அது அந்தக் கேள்வியோட அப்படியே நின்னிருக்கு. 36 ராத்திரி, 36 கேள்வி, ஒரு பதிலும் இல்லை.

மருந்து ரெண்டு வரிதான். டிஸ்ப்ளேஅலர்ட்ஸை அணைக்கணும், பழைய ஃபைல் இருந்தா முதல்லயே எடுத்துடணும். நான் கொலை பண்ணப் போனது இந்த ரெண்டு வரி தெரியாம.

வாட்ச்மேன் வந்த பிறகு

கொஞ்ச நாள்ல அந்த ஸ்கிரிப்டை சி ஷார்ப்ல மாத்தி எழுதினோம். நவீனமான மொழி, இனி பிரச்சினையே இல்லைன்னு நினைச்சேன். எக்செல் திரும்ப மிஞ்ச ஆரம்பிச்சது. இந்தத் தடவை குவிட் சொன்ன பிறகும்!

காரணம், டாட்நெட் மெக்கார்த்தி பக்கம் போயிடுச்சு. 2002-ல் வெளிவந்த டாட்நெட்டில் கார்பேஜ் கலெக்டர் உண்டு, ரெஃபரன்ஸ் கவுன்டிங் கிடையாது. காம் உலகத்துல வளர்ந்த நிரலாளர்கள் அப்பவே சண்டைக்கு நின்னாங்க. பொருள் எந்த நொடியில சாகும்னு எங்களுக்குத் தெரியணும், அதை ஏன் பிடுங்குறீங்கன்னு கேட்டாங்க. 2000 அக்டோபரில் டாட்நெட் குழுவின் பிரையன் ஹாரி நீளமான மின்னஞ்சலில் பதில் எழுதினார். ரெண்டையும் கலந்து பார்க்க நிறைய யோசிச்சோம்; ஒன்றையொன்று பிடிச்சிருக்கிற வளையங்கள், வேக இழப்பு இதெல்லாம் சேர்ந்து சரிவரலைங்கறது சாரம். அதுக்குப் பதிலா, உடனே மூடவேண்டியதை நிரலாளரே சொல்லி மூடட்டும்னு டிஸ்போஸ் என்ற ஏற்பாடு வந்தது.

ஆனா எக்செல் மாறலையே. அது இன்னும் காலின்ஸ் பக்கம்தான். ரெண்டுக்கும் நடுவுல டாட்நெட் ஒரு உறையைப் போட்டது: ரன்டைம் காலபிள் ராப்பர். காம் பொருளை இந்த உறை பிடிச்சுக்கிட்டு இருக்கும். உறையைக் கார்பேஜ் கலெக்டர் எடுக்கும்போதுதான் ரிலீஸ் நடக்கும். கலெக்டரோ மெமரி நெருக்கடி வந்தாத்தான் எழும். ஒரு சின்ன உறைக்காக அது ஏன் எழணும்? அந்தச் சின்ன உறைக்குப் பின்னால ஒரு முழு எக்செல் நிற்கிறது அதுக்குத் தெரியாது.

இன்னொரு சிக்கல். எக்செல் புள்ளி ஒர்க்புக்ஸ் புள்ளி ஓப்பன்னு ஒரே வரியில எழுதுறோம். நடுவுல இருக்கிற ஒர்க்புக்ஸும் ஒரு காம் பொருள். அதுக்கும் ஒரு உறை பிறக்கும். நாம அதுக்குப் பேரே வைக்கலை, அப்புறம் எப்படி விடுறது? இதனால "ரெண்டு புள்ளி வைக்காதே"ன்னு ஒரு விதி நிரலாளர்கள் மத்தியில வாய்வழியா பரவிச்சு. ஒவ்வொரு பொருளுக்கும் பேர் வெச்சு, ரிலீஸ்காம்ஆப்ஜெக்ட்னு கூப்பிட்டு ஒண்ணொண்ணா விடுவிச்சாங்க. நானும் அப்படி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கேன்.

அதுலயும் ஆபத்து இருந்தது. ஒரே உறையை நிரலின் வேறொரு பகுதி இன்னும் பிடிச்சிருந்தா, நீங்க விட்டதும் அவங்க காலடியில பலகை போயிடும். 2010-ல் விஷுவல் ஸ்டுடியோ குழுவே இந்தச் செயல் ஆபத்தானதுன்னு தலைப்பு வெச்சு எழுதினாங்க. ஒழுங்கான வழி எளிமையானது. எக்செல் வேலை முழுவதையும் ஒரு தனி ஃபங்ஷனுக்குள்ள வைங்க, பிழை வந்தாலும் குவிட் நடக்கிற மாதிரி ஃபைனலியில எழுதுங்க. அந்த ஃபங்ஷன் முடிஞ்சு வெளியே வந்த பிறகு கார்பேஜ் கலெக்டரைக் கூப்பிடுங்க. உள்ளேயே கூப்பிட்டா, டீபக் பில்டில் உள்ளூர் மாறிகள் ஃபங்ஷன் முடியும்வரை உயிரோட இருக்கும், ஒண்ணும் நடக்காது. என்னை மாதிரி பல பேர் "கலெக்ட் வேலை செய்யலை"ன்னு புலம்பினது இதனாலதான்.

அப்பவும் கொன்னே ஆகணும்னு வந்தா? பேரைச் சொல்லிக் கொல்லாதீங்க. நீங்க திறந்த எக்செலின் விண்டோ எண்ணைக் கேட்டு வாங்கி, அதிலிருந்து அதன் ப்ராசஸ் எண்ணைக் கண்டுபிடிச்சு, அந்த ஒண்ணை மட்டும் மூடுங்க. நான் தட்டின கட்டளையில அந்த எண் இருந்திருந்தா அக்கா 6 மணிக்கு வீட்டுக்குப் போயிருப்பாங்க.

இப்ப நிலைமை என்ன?

ஆளில்லாத சர்வர்ல ஆஃபீஸை இப்படி இயக்குறதை நாங்க பரிந்துரைக்கலை, ஆதரிக்கவும் இல்லைன்னு மைக்ரோசாஃப்ட்டே தன் உதவிப் பக்கத்துல எழுதி வெச்சிருக்கு. கேள்வி கேட்டா பதில் சொல்ல எதிர்ல ஒரு மனுஷர் இருப்பார்னு நம்பிக் கட்டப்பட்ட மென்பொருள் அது. 2006 டிசம்பரில் எக்செல் ஃபைலின் புதிய வடிவம் ஈசிஎம்ஏ தரமாக வெளியானது. உள்ளே ஜிப், எக்ஸ்எம்எல், அவ்வளவுதான். எக்செலைத் திறக்காமலேயே ஃபைலை எழுதலாம். எங்க ராத்திரி ரிப்போர்ட்டும் கடைசியில அந்த வழிக்குத்தான் போச்சு. 2023 அக்டோபரில் விபிஸ்கிரிப்டைக் கைவிடுவதா மைக்ரோசாஃப்ட் அறிவிச்சது.

ஆனா காலின்ஸ் தோத்துட்டார்னு நினைச்சுடாதீங்க. பைத்தானின் வழக்கமான வடிவம் இன்னைக்கும் எண்ணித்தான் விடுது. வளையங்களுக்காக மட்டும் கூடவே ஒரு வாட்ச்மேன். ஆப்பிள் 2011-ல் கொண்டுவந்த ஏஆர்சியும் ரெஃபரன்ஸ் கவுன்டிங்தான். உங்க கையில ஐஃபோன் இருந்தா, இந்த எபிசோடைக் கேட்கிற ஆப்புக்குள்ளயே யாரோ கூட்டிக் கழிச்சுக்கிட்டு இருக்காங்க. 2012-ல் விண்டோஸ் 8-ஓட வந்த வின்ஆர்டிக்கும் அடியில ஐஅன்னோன்தான்.

அந்த அக்காகிட்ட மறுநாள் காலையில போய் மன்னிப்புக் கேட்டேன். என்ன நடந்துச்சுன்னு முழுசா சொன்னேன். கேட்டுட்டு ஒண்ணு கேட்டாங்க: "அந்த 37-ல எது உன்னோடது, எது என்னோடதுன்னு பார்த்திருக்கலாம்ல?"

பார்த்திருக்கலாம். டாஸ்க் மேனேஜர்ல யூசர் நேம்னு ஒரு காலமே இருக்கு. நான் கீழே ஸ்க்ரோல் பண்ணேன், பக்கத்துல பார்க்கலை.

உங்க ஆபீஸ்லயும் இப்படி ஒரு ராத்திரி ஸ்கிரிப்ட் ஓடிக்கிட்டு இருந்தா, இன்னைக்கு ஒரு தடவை டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்க. ஆனா எதையும் கொல்றதுக்கு முன்னாடி அந்த காலத்தையும் பார்த்துடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.