வயிற்றுப் பங்கும் ஒரு சொல்லும்

பிரிந்து வாழும் கணவனிடமிருந்து மனைவியும் பிள்ளைகளும் பெறும் மாதத் தொகையைத் தமிழர் ஜீவனாம்சம் என்பர். உயிர்வாழ்வதற்கான பங்கு என்பது அதன் பொருள். புணேயை அடுத்த தொழிற்பகுதியான போசரியில் இதற்கு வழங்கும் மராத்திச் சொல் போட்கி. ‘போட்’ என்றால் வயிறு. ஒரு மொழி உயிரை எண்ணியது. மற்றொன்று பசியை எண்ணியது. சட்டமோ இரண்டையும் நெடுங்காலம் ஓர் எண்ணுக்குள் அடைத்து வைத்திருந்தது.

1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 488ஆம் பிரிவில், மாதம் ‘மொத்தத்தில்’ 50 ரூபாய்க்கு மிகாத தொகையை அனுமதித்தது. அவ்வரம்பு 1923இல் 100 ஆயிற்று. 1955இல் 500 ஆயிற்று. 1973இல் புதிய சட்டம் வந்து பிரிவின் எண் 125 என மாறியபோதும் அந்த 500 மாறவில்லை.

‘மொத்தத்தில்’ என்ற ஒரு சொல்லே பிள்ளைகளின் சோற்றைத் தீர்மானித்தது. தாய்க்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து 500 ரூபாயா, ஆளுக்கு 500 ரூபாயா? உணவு, உடை முதலிய ஒருவரது தேவைகள் அனைத்தும் சேர்ந்ததே மொத்தம், கோருவோர் அனைவரும் சேர்ந்ததன்று என 1978இல் உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் விளக்கினார். குழந்தையின் பங்கு தாயின் பங்கிலிருந்து பிரிந்து நின்றது.

விலைவாசி ஏறியது, சில மாநிலங்கள் தாமே வரம்பை உயர்த்தின. நடுவண் சட்டம் 2001இல்தான் அதை அடியோடு நீக்கியது. விண்ணப்பித்த நாள்முதலே தொகை சேரவேண்டும் என 2020இல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. வழக்கு நீளலாம், வயிறு காத்திராது என்பதை மராத்திச் சொல் முன்பே அறிந்திருந்தது.