பால்வினைத் தொற்றும் ஆண் மலட்டுத்தன்மையும்

பாலுறவால் பரவும் பாக்டீரியாத் தொற்றுகள், சிகிச்சையின்றி விடப்பட்டால், ஆணின் குழந்தைப்பேற்றுத் திறனைக் கெடுக்கக்கூடும். வெட்டை நோயைத் தரும் கொனோகாக்கஸும் கிளமிடியாவும் இவற்றில் முதன்மையானவை. 2020இல் உலகில் புதிதாக 12.9 கோடி கிளமிடியா தொற்றுகளும் 8.2 கோடி வெட்டை நோய்த் தொற்றுகளும் ஏற்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

வெட்டை நோயில் நீர்க்கடுப்பும் சீழும் தெரியும். கிளமிடியா பெரும்பாலும் அறிகுறியே காட்டாது.

தொற்று மேலேறினால் விரையின் பின்புறம் சுருண்டிருக்கும் எபிடிடிமிஸ் குழாய் வீங்கும். நீட்டினால் ஏறக்குறைய 6 மீட்டர் வரும் அக்குழாயில்தான் விந்தணுக்கள் முதிர்கின்றன. தழும்பு விழுந்து இருபுறமும் அடைத்துக்கொண்டால், விரையில் விந்தணு உற்பத்தியானாலும் விந்தில் ஒன்றுகூட இராது. மாத்திரை கிருமியைக் கொல்லும், தழும்பை நீக்காது. பிறகு அடைப்பு நீக்கும் நுண் அறுவை சிகிச்சையோ, விரையிலிருந்து விந்தணுவை எடுத்துக் கருமுட்டையில் செலுத்தும் 'இக்சி' முறையோதான் வழி.

திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் தென்மாவட்டங்கள், பீகார், ஒடிசாவிலிருந்து ஆண்கள் பலர் குடும்பத்தைப் பிரிந்து வருகிறார்கள். இப்படிப் பிரிந்து வாழ்வோருக்கு இத்தகைய தொற்றுகளின் அபாயம் கூடுதல் என்பதால், புலம்பெயர் தொழிலாளர்களுக்கெனத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு தனித் தடுப்புத் திட்டம் வகுத்துள்ளது. சீழ் வடிதலுக்கு அவ்வமைப்பு வகுத்த சாம்பல்நிற மருந்துப் பொட்டலத்தில் 1 கிராம் அசித்ரோமைசினும் 400 மி.கி. செஃபிக்ஸிமும் இருக்கும். இணையரும் சேர்ந்தே மருந்து உட்கொள்ள வேண்டும். இல்லையேல் தொற்று மீண்டும் ஒட்டிக்கொள்ளும். இப்படி ஆணிடமும் காரணம் இருக்கக்கூடும் என்பதால், குழந்தையில்லாத் தம்பதியரில் மனைவியை மட்டும் பரிசோதிப்பது போதாது; கணவருக்கும் விந்துப் பரிசோதனை தொடக்கத்திலேயே அவசியம்.