பனி உருகும்போது வலுவிழக்கும் சாலைகள்: அமெரிக்காவில் லாரிகளின் எடை குறைக்கப்படுவது ஏன்?

அமெரிக்காவின் மிச்சிகன், மின்னசோட்டா உள்ளிட்ட வட மாநிலங்களிலும் கனடாவின் பல மாகாணங்களிலும், குளிர்காலம் முடிந்து பனி உருகத் தொடங்கியதும் கனரக லாரிகள் ஏற்றிச் செல்லும் எடைக்கு ஆண்டுதோறும் தற்காலிகக் கட்டுப்பாடு விதிக்கப்படுகிறது.

காரணம் என்ன?

குளிர்காலத்தில் சாலைக்கு அடியிலுள்ள மண்ணின் ஈரம் பனிக்கட்டி அடுக்குகளாக உறைகிறது. அவை கீழிருந்து மேலும் நீரை ஈர்த்துப் பெருகுகின்றன. வசந்த காலத்தில் மேல்மண் முதலில் உருகுகிறது. ஆழத்திலுள்ள மண் உறைந்தே இருப்பதால், உருகிய நீர் வடிய வழியின்றித் தேங்குகிறது. ஊறிப்போன அந்த அடித்தளத்தின் மீது கனரக வாகனங்கள் செல்லும்போது சாலை வளைந்து விரிசல் விடுகிறது, பள்ளங்கள் உருவாகின்றன.

சேதத்தை நிர்ணயிப்பதில் லாரியின் மொத்த எடையைவிட, ஒவ்வோர் அச்சும் தாங்கும் எடையே முக்கியம். இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா நகருக்கு அருகே 1958 முதல் 1960 வரை நடைபெற்ற சாலைச் சோதனையிலிருந்து, அச்சு எடை இரட்டிப்பானால் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்ற விதி பெறப்பட்டது.

விதிமுறைகள்

மிச்சிகனில் இவை 'உறைபனிச் சட்டங்கள்' என அழைக்கப்படுகின்றன. மார்ச் முதல் மே வரை அனுமதிக்கப்படும் அச்சு எடை, கான்கிரீட் சாலைகளில் 25 சதவீதமும் பிற சாலைகளில் 35 சதவீதமும் குறைக்கப்படும். வானிலையைப் பொறுத்து இக்காலத்தை மாற்றியமைக்கச் சாலை நிர்வாகங்களுக்கு அதிகாரம் உண்டு. ஆண்டு முழுவதும் முழு எடையைத் தாங்கும் வகையில் அமைக்கப்பட்ட சாலைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது.

மின்னசோட்டா மாநிலம் உறைபனி மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, வெப்பநிலைக் கணக்கீட்டின்படி ஒவ்வொரு மண்டலத்துக்கும் தொடக்க நாள் தனித்தனியே அறிவிக்கப்படுகிறது. வேறு அறிவிப்பு இல்லாத மண் மற்றும் சரளைச் சாலைகளில் ஓர் அச்சுக்கு 5 அமெரிக்க டன், அதாவது சுமார் 4,500 கிலோ மட்டுமே அனுமதி. இதற்கு மாறாக, தரை இறுகி உறைந்திருக்கும் நடுக்குளிர்காலத்தில் அனுமதி பெற்ற லாரிகள் 10 சதவீதம் கூடுதல் எடை ஏற்றலாம்.

யாருக்குப் பாதிப்பு?

மரம் வெட்டும் நிறுவனங்கள் பனி உருகுவதற்கு முன்பே மரங்களை ஆலைகளுக்குக் கொண்டு சேர்க்க விரைகின்றன. விதைப்புக்கு உரம் தேவைப்படும் விவசாயிகளும் கட்டுமானத் துறையினரும் ஒரே சரக்குக்குப் பல நடைகள் லாரி அனுப்ப நேரிடுவதால், வாடகையும் எரிபொருள் செலவும் கூடுகின்றன.

நடைகள் அதிகரித்தால் சேதமும் கூடாதா என்ற கேள்வி எழுவது இயல்பு. ஆனால், மேற்கூறிய விதிப்படி அச்சு எடையை 35 சதவீதம் குறைத்தால், ஒரு நடையில் ஏற்படும் சேதம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது. எனவே நடைகள் இரட்டிப்பானாலும், மொத்தச் சேதம் முன்பிருந்ததில் பாதியைக்கூட எட்டாது.

சில வாரக் கட்டுப்பாட்டின் சுமையை லாரி உரிமையாளர்களும் விவசாயிகளும் ஏற்கின்றனர். அது மீறப்பட்டால், சிதைந்த சாலையைச் சீரமைக்கும் செலவு உள்ளாட்சி அமைப்புகளின் வழியாக வரி செலுத்தும் ஊர் மக்கள் மீதே விழுகிறது.