பிரெஞ்சுக் கூடைப்பந்தும் டோனி பார்க்கரும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஸ்பிரிங்பீல்டு என்றொரு நகரம் உண்டு. அந்நகரில் 1891-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், மாணவர்கள் கூரையின் கீழ் ஆடுவதற்கேற்ற ஆட்டம் ஒன்றை வகுத்தார். பழக்கூடைகள் இரண்டை உயரத்தில் மாட்டி, அவற்றினுள் பந்தை எறியச் செய்தார். அதுவே கூடைப்பந்து. இரண்டே ஆண்டுகளில் அவ்வாட்டம் அட்லாண்டிக் கடலைக் கடந்தது. 1893 டிசம்பரில், பாரிஸ் நகரின் திரேவீஸ் தெருவிலுள்ள கிறிஸ்தவ இளைஞர் சங்கக் கூடத்தில், ஐரோப்பாவின் முதல் கூடைப்பந்துப் போட்டி நிகழ்ந்தது.

இவ்வாறு முதலில் வரவேற்ற நாடே பிரான்சு எனினும், முதன்மை எய்துவதற்கு அந்நாடு நெடுங்காலம் காத்திருந்தது. 1948-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் பிரான்சு அமெரிக்காவிடம் 65-க்கு 21 என்ற கணக்கில் தோற்று வெள்ளிப் பதக்கம் பெற்றது. 2000-ஆம் ஆண்டு சிட்னியிலும் அதே எதிரி, அதே வெள்ளி. அமெரிக்கரின் தொழில்முறைப் போட்டியான தேசியக் கூடைப்பந்துச் சங்க ஆட்டங்களில் பிரெஞ்சுக்காரர் ஒருவர் இடம்பெற 1997-ஆம் ஆண்டு வரை ஆயிற்று. அவர் தாரிக் அப்துல் வகாத். அவர் திறந்த வாயில் வழியே சென்று, பிரான்சின் பெயரை நிலைநாட்டியவர் டோனி பார்க்கர்.

பார்க்கர் 1982 மே 17 அன்று பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் பிறந்தார். தந்தை அமெரிக்கர்; ஐரோப்பியக் குழுக்களில் ஆடி வந்த கூடைப்பந்து வீரர். தாயார் நெதர்லாந்து நாட்டவர். மைந்தர் வளர்ந்ததோ பிரான்சின் நார்மண்டிப் பகுதியில். பின்னர்ப் பாரிசில் உள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சிக் கழகத்தில் பயின்றார். 1999-இல் பாரிஸ் நகரத் தொழில்முறைக் குழுவொன்றில் சேர்ந்தார். 2000-ஆம் ஆண்டு ஐரோப்பிய இளையோர் போட்டியில் பிரான்சு வெற்றி பெற்றது. அதன் சிறந்த ஆட்டக்காரர் என்னும் பாராட்டு இவருக்கே கிட்டியது.

அடுத்த ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் குழு இவரைச் சோதித்துப் பார்த்தது. முதற் சோதனையில் பயிற்சியாளர் கிரெக் பாப்போவிச் நிறைவு கொள்ளவில்லை. இரண்டாம் முறை அழைத்துப் பார்த்த பின்னரே மனம் மாறினார். 2001-ஆம் ஆண்டுத் தேர்வில் 28-ஆம் இடத்தில் பார்க்கரின் பெயர் அழைக்கப்பட்டது. தமக்கு முன்னே 27 பேர் தேர்ந்தெடுக்கப்பட்ட பின்னர் இடம்பெற்ற அந்தப் பத்தொன்பது வயது இளைஞர், முதற் பருவத்திலேயே தொடக்க ஐவருள் ஒருவரானார்.

ஆனால் இடம் பெறுவது வேறு, நம்பிக்கை பெறுவது வேறு அன்றோ? 2003-இல் ஸ்பர்ஸ் வாகை சூடிய இறுதி ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், பார்க்கர் இருக்கையில் அமர்த்தப்பட்டார். பந்தை நடத்தியவர் மற்றொருவர். அவ்வாண்டுக் கோடையில், அவருடைய இடத்துக்கே புகழ்மிக்க ஜேசன் கிட்டை அழைத்துவரக் குழுவினர் முயன்றனர். கிட் தம் பழைய குழுவிலேயே தங்கிவிட்டார். வெற்றிக் கோப்பையும் ஐயப்பாடும் ஒரே ஆண்டில் ஒருவரை வந்தடைந்தன எனலாம்.

பார்க்கர் தம் ஆட்டத்தாலேயே விடை கூறினார். அவர் உயரம் ஆறடி இரண்டு அங்குலம். அவ்வாட்டத்தில் இது குறைந்த உயரமே. ஆதலின் விரைவைத் துணைக்கொண்டார். நெடியோர் நிற்கும் கூடையடிக்கே பாய்ந்து, அவர்கள் கைகள் எழுமுன் பந்தை மென்மையாக மேலே மிதக்கவிடுவார். அது மழைத்துளி போல் வளைந்து கூடையில் வீழும். 2005-இல் மீண்டும் வெற்றி. 2007-இல் கிளீவ்லாந்துக் குழுவை நான்கு ஆட்டங்களிலும் வீழ்த்தியபோது, பார்க்கர் சராசரி 24.5 புள்ளிகள் எடுத்தார். இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதைப் பெற்ற முதல் ஐரோப்பியர் அவரே.

தாய்நாட்டுக்காக அவர் பட்ட ஏமாற்றங்கள் பல. 2009-இல் ஐரோப்பியப் போட்டியின் காலிறுதியிலும், 2011-இல் அதன் இறுதியாட்டத்திலும், 2012-இல் இலண்டன் ஒலிம்பிக் காலிறுதியிலும் பிரான்சைத் தடுத்தது ஸ்பெயின். 2013 ஜூனில் மற்றொரு துயரம்: மயாமிக்கு எதிரான ஆறாம் ஆட்டத்தில் கோப்பை கைக்கெட்டிய தூரத்தில் இருந்தபோது, ஸ்பர்ஸ் அதனை நழுவவிட்டது, ஏழாம் ஆட்டத்திலும் தோற்றது. மூன்றே மாதத்தில் ஸ்லோவேனியாவில் ஐரோப்பியப் போட்டி. அரையிறுதியில் எதிர்ப்பட்டது அதே ஸ்பெயின். பார்க்கர் 32 புள்ளிகள் ஈட்ட, பிரான்சு கூடுதல் நேரத்தில் 75-72 என வென்றது. இறுதியில் லித்துவேனியாவை 80-66 என வீழ்த்தித் தன் முதல் ஐரோப்பியப் பட்டத்தைப் பெற்றது. 2014-இல் ஸ்பர்ஸ் மயாமியை வென்று பழியும் தீர்த்தது. ஒலிம்பிக் பதக்கம் மட்டும் அவருக்கு எட்டாமலே போயிற்று.

2017 மே மாதம் தொடைத் தசைநார் அறுந்தது. மீண்டு வந்த பின், 2018 ஜனவரியில் தொடக்க இடம் இளைஞர் டிஜான்டே மர்ரேக்கு அளிக்கப்பட்டது. பார்க்கர் மனங்கோணாது ஏற்றார். பதினேழு பருவங்கள் ஆடிய குழுவை விட்டுச் சார்லட் நகரக் குழுவில் ஒரு பருவம் ஆடி, 2019 ஜூனில் ஓய்வு பெற்றார். அவர் அணிந்த 9-ஆம் எண்ணை இனி எவரும் அணியாதவாறு ஸ்பர்ஸ் சிறப்புச் செய்தது.

ஓய்வுக்கு முன்பே, 2014-இல், லியோன் நகரை அடுத்த வில்லர்பானின் அஸ்வெல் குழுவுக்கு அவர் தலைவரானார். அக்குழுவில் 2021-22 பருவத்தில் ஆடிய விக்டர் வெம்பன்யாமா என்னும் இளைஞரை, 2023 ஜூன் தேர்வில் முதல் இடத்திலேயே ஸ்பர்ஸ் எடுத்துக்கொண்டது. இருபத்திரண்டு ஆண்டுகளில், 28-ஆம் இடத்திலிருந்து முதல் இடம் வரை பிரெஞ்சு இளைஞரின் மதிப்பு உயர்ந்திருந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில், கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் பார்க்கர் சேர்க்கப்பட்டார். அம்மண்டபம் அமைந்திருப்பது ஸ்பிரிங்பீல்டு நகரில்.